பாகம் ஏழு, பதினோராவது நிமிடம்

பியூலா மேடத்தின் முகம் எனக்குத் தெரியாது.
ஸ்லைடு ஓரத்தில் தபால்தலை அளவில் ஒரு சதுரம்,
அதிலும் கேமராவை அணைத்து வைத்திருப்பார்.
குரல் மட்டும்.
குரலுக்குப் பின்னால் காட்பாடி.

வீடு ஜங்ஷனை ஒட்டி இருக்க வேண்டும்.
பாகம் ஏழில், பதினோராவது நிமிடத்தில்,
"நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியது" என்று தொடங்குவார்,
கூட்ஸ் வண்டி வந்துவிடும்.
நிறுத்துவார்.
ஐம்பது பெட்டிக்குக் குறையாது.
கடைசிப் பெட்டியும் தொலைந்த பிறகு
விட்ட இடத்தில் பிடிப்பார்:
"என்ன மாத்திரை என்பதல்ல. அதை எப்படிச் சாப்பிடுகிறார் என்பது."

குடியாத்தத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே,
இயர்போனை விரலால் அழுத்திக் கேட்டேன்.
ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி.
பரீட்சை நெருங்கினால் ஒன்றரை வேகம்;
கூட்ஸ் வண்டி எக்ஸ்பிரஸ் ஆகிவிடும்.
பேரணாம்பட்டு அஃப்ரின் இரண்டு மடங்கில் ஓட்டுவாள்.
அவளுக்கு அது வந்தே பாரத்.

திரைக்குள் எங்களுக்கு ஒரு நோயாளியும் உண்டு.
திரு. சம்பந்தம், ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை, பிரஷர்.
லேப் அட்டெண்டர் துளசிதாஸ் அண்ணன்தான்
பச்சை அங்கி மாட்டிக்கொண்டு படுத்திருப்பார்.
கேள்வியைத் தொட்டால் பதில் சொல்வார்.
தொடாவிட்டால் இமைப்பார்,
நாம் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் இமைத்துக்கொண்டிருப்பார்.
பதினாறு முறை அவரைக் கொன்றிருக்கிறேன்.
பதினேழாம் முறை நூற்றுக்கு நூறு.
சான்றிதழில் மோகனவள்ளி, மோகனவல்லி ஆகியிருந்தாள்.

அடுக்கம்பாறை, பெண்கள் வார்டு, திங்கள் காலை.
மின்விசிறி வெயிலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.
இருபத்திரண்டாம் கட்டில், கன்னியம்மா, ஒடுகத்தூர்.
தொடுவதற்கு அவர் பக்கத்தில் கேள்வி எதுவும் மிதக்கவில்லை.
பாதி தின்ற இட்லி, அதன் மேல் ஈ,
"எக்ஸ்ரே எந்தப் பக்கம்மா" என்று
என் வெள்ளைக் கோட்டை இழுக்கும் யாரோ ஒருவர்.
"அம்மா, முதல்ல ஒண்ணு கேக்கணும்" என்றேன்.
நின்றுவிட்டேன்.

மறக்கவில்லை. சத்தியமாக மறக்கவில்லை.
அந்த இடத்தில் எப்போதும் ஒரு ரயில் போகும்.
போகட்டும் என்று வாய் தானாகக் காத்தது.

கன்னியம்மா பார்த்தார்.
ஐம்பது பெட்டி நேரம் என்னையே பார்த்தார்.
"இன்னா பாப்பா, பயமாக்கீதா?"
பிறகு, கேட்காமலே,
தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்தார்.
அட்டெனலால் ஐம்பது.
"இதும் மேல கோடு போட்டுக்கீறான் பாரு,
உடைக்கத்தானே போட்டான்?
பாதி எனுக்கு, பாதி அந்தாளுக்கு.
அவுருக்கும் பிரஷரு, ஆஸ்பத்திரி பக்கம் வரமாட்டாரு.
ஊட்ல ரெண்டு பேருன்னு
கம்பெனிக்காரனுக்குக் கூட தெரிஞ்சுகீது."

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
தவறாமல் எடுக்கிறாரா? ஆம். இல்லை.
தவறவில்லை. ஒரு நாள்கூடத் தவறவில்லை.
கட்டங்களுக்கு நடுவே ஓடிய கோட்டின் மேல்
பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.
சம்பந்தத்துக்கு மனைவி கிடையாது.
எழுதியவர்கள் கொடுக்கவில்லை.

ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொன்னேன்.
"அவரையும் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார்,
அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.
கன்னியம்மாவிடம் சொன்னால்,
"பஸ்ஸுக்கு மட்டும் கோடு போட்டுக்கீறானா,
பாதி டிக்கெட்டுல வர்றதுக்கு?"

குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம்.
பாகம் ஏழைத் திரும்பப் போட்டேன்,
வேகத்தை ஒன்றுக்குக் குறைத்து.
பதினோராவது நிமிடம்.
வண்டி வந்தது.
தாண்டாமல், தள்ளாமல் கேட்டேன்.
சக்கரங்களுக்கு அடியில், எங்கோ உள்ளறையில்,
யாரோ இருமினார்கள்.
டம்ளரில் கரண்டி தட்டியது.
மேடம் ஒரு நொடி மைக்கை மூடினார்,
"இதோ வர்றேன்" என்றது பாதிதான் கேட்டது.
அப்புறம் மிச்சப் பெட்டிகள்.